இல்லத்தில் தொடங்கிய நீதி

ஆட்சிப் பொறுப்பை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகக் கருதி வாழ்ந்து காட்டிய பெருமகனார் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். உமையா அரச குடும்பத்திற் பிறந்த அவர்களின் அன்னையார், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பேத்தியாவார்.

இளமையில் அவர்கள் செல்வச் செழிப்பில் திளைத்தவர்கள். உயர்ந்த ஆடைகளையும் நறுமணப் பொருள்களையும் பெரிதும் விரும்பியவர்கள். ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, மார்க்க அறிஞர் பதின்மரை அழைத்து, அவர்களின் ஆலோசனை பெற்றே முடிவுகளை எடுத்தார்கள்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபா பதவி அவர்களை வந்தடைந்தது. அன்றே வாழ்க்கை முறை மாறிற்று. அரச பவனிக்கென நிறுத்தப்பட்ட குதிரைகளை மறுத்தார்கள். முறையின்றித் தம் குடும்பத்தார் வசமாகியிருந்த சொத்துகளை மீட்கும் பணியைத் தம்மிடமிருந்தே தொடங்கினார்கள். துணைவியார் ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகளார். தந்தை அளித்த விலையுயர்ந்த அணிகலன்களை அவ்வம்மையார் கணவரின் விருப்பத்திற்கிணங்கப் பைத்துல்மாலில் சேர்ப்பித்தார்.

இல்லத்தைத் திருத்திய கரங்களுக்கே நாட்டைத் திருத்தும் துணிவு வாய்த்தது. இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் ஜிஸ்யா வரி வாங்கும் அநீதியைத் தடுத்தார்கள். கருவூல வருவாய் குறையுமென அதிகாரிகள் அஞ்சியபோதும் அவர்கள் தளரவில்லை. அலீ (ரலி) அவர்களை மிம்பர் மேடைகளில் பழித்துரைத்த வழக்கத்தை ஒழித்து, நீதியையும் நன்மையையும் ஏவும் திருமறை வசனத்தை ஓதச் செய்தார்கள். ஜும்ஆ குத்பாவில் இன்றும் நாம் கேட்கும் வசனம் அதுவே. நபிமொழிகள் மறைந்துவிடாதிருக்க, அவற்றை எழுத்தில் தொகுக்கவும் ஆணையிட்டார்கள்.

இரண்டரை ஆண்டுகள்கூட நிறைவுறாத ஆட்சி அது. ஹிஜ்ரி 101இல் (கி.பி. 720), ஏறத்தாழ நாற்பது வயதில், சிரியா நாட்டில் அவர்கள் மறைந்தார்கள். அடுத்துக் கலீஃபாவான யஸீத், தம் சகோதரியாகிய ஃபாத்திமாவிடம் அணிகலன்களைத் திருப்பித் தர முன்வந்தார். கணவர் வாழ்ந்தபோது மனமுவந்து துறந்ததை அவர் மறைந்தபின் ஏற்பதற்கு அம்மையார் இசையவில்லை என வரலாற்றாசிரியர்கள் குறிப்பர்.

அச்சத்தால் பணிந்தோர் ஆள்பவர் மறைந்ததும் மாறுவர். நேர்மையால் கவரப்பட்டோர் மாறுவதில்லை. தலைமையேற்க விழையும் மாணவச் செல்வங்கள் உள்ளத்திற் பதிக்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.