கையிலே ஒரு கடிதம்!

ஆண்டு 1774. நவம்பர் திங்கள் 30ஆம் நாள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத் துறையிலே வந்து நிற்கிறது, 'லண்டன் பாக்கெட்' எனும் கப்பல். உள்ளே விஷக் காய்ச்சல்! வழியிலேயே ஐந்து பிணங்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அறையொன்றிலே, புரண்டு படுக்கவும் பிறர் கை தேவைப்படும் நிலையிலே ஒருவர் கிடக்கிறார். வயது 37. தாமஸ் பெயின் என்பது பெயர்.

யார் இந்தப் பெயின்? பிரபு வீட்டுப் பிள்ளையா? பல்கலைக் கழகம் கண்ட பண்டிதரா? அல்ல, தோழர்களே! இங்கிலாந்தின் தெட்போர்டு என்ற சிற்றூரில், சீமாட்டிகள் இடையை இறுக்கிக் கட்டும் கச்சு தைத்துப் பிழைத்தவரின் மகன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளி நின்றது. ஊசி கையில் ஏறிற்று. பின்னர் கலால் இலாகாவிலே வேலை. ஆண்டுச் சம்பளம் 50 பவுன். கேட்கப் பெரிது! குதிரைக்குத் தீனி, வரி எல்லாம் போக, நாளொன்றுக்குக் கையில் நிற்பது ஒரு ஷில்லிங் ஒன்பதேகால் பென்சு! இந்தக் கணக்கைத்தான் 1772இல் எழுதினார், சக ஊழியர்களுக்காக. 4,000 பிரதிகள் அச்சாயின. பார்லிமெண்டு வாயிலிலே காத்துக் கிடந்தார், குளிர்காலம் முழுதும். சம்பளம் உயர்ந்ததா? இல்லை. 1774 ஏப்ரலில் அவருடைய சீட்டுத்தான் கிழிந்தது! அனுமதியின்றி வேலையை விட்டு வெளியே போனாராம், அதுவே குற்றம்! (எங்கோ கேட்ட கதைபோல் இருக்கிறதா?) அதே மாதம் கடைச் சாமான்கள் ஏலம் போயின. ஜூனிலே மனைவியும் பிரிந்தார்.

தொட்டதெல்லாம் தோல்வி. அந்த நிலையிலே இலண்டனில் அவர் சந்தித்த பெரியவர், பெஞ்சமின் பிராங்க்ளின். மெழுகுவத்தி செய்தவரின் மகன்; அச்சுக்கோத்து முன்னேறியவர். 1723இல், பதினேழு வயதில், சட்டைப்பையில் சில்லறையோடு இதே பிலடெல்பியாவிலே தன்னந்தனியாக வந்து இறங்கியவர். அந்நிய ஊரின் முதல் நாள் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். தம் மருமகன் ரிச்சர்டு பாச்சேவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என்ன கேட்டார் அதிலே? குமாஸ்தா வேலை, அல்லது பள்ளியிலே உதவி ஆசிரியர் வேலை, அல்லது நிலம் அளப்போருக்குத் துணையாள் வேலை. வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது ஒன்று. அவ்வளவே!

அந்தக் கடிதந்தான் உயிரைக் காத்தது. கப்பலைப் பார்வையிட வந்தவர் கியர்ஸ்லி என்ற மருத்துவர். இவர் பிராங்க்ளின் அனுப்பிய ஆள் என்று தெரிந்ததும், தங்க இடம் ஏற்பாடு செய்தார்; இரண்டு ஆட்களையும் ஒரு வண்டியையும் அனுப்பிக் கரைக்குக் கொண்டுவரச் செய்தார்.

அதே கப்பலிலே 120 பணியாட்கள் இருந்தனரே, காய்ச்சல் முதலில் மூண்டது அவர்களிடையேதானே, அவர்களுக்கு யார் வண்டி அனுப்பினார்கள்? கப்பல் கட்டணத்துக்கு ஈடாகத் தம் உழைப்பை ஆண்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்து அமெரிக்கா போன ஏழைகள் அக்காலத்தில் ஆயிரமாயிரம். அவர்கள் கையில் கடிதம் இல்லை. பெயின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த 120 பேரே என் நினைவில் நிற்கிறார்கள்.

ஆறு வாரம்! புது நகரத்திலே பெயின் கண்டது கூரையும் சுவருந்தான். ஆறு வாரம் கழிந்த பிறகே, கடிதத்தை எடுத்துக்கொண்டு பாச்சேவின் வாயிற்படிக்குச் செல்ல முடிந்தது. தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும்படி கேட்டுச் சிலர் வந்தனர்.

தெருவிலே இறங்கினார். நகரம் கொதித்துக் கொண்டிருந்தது. குடியேற்ற நாடுகளின் முதல் மாநாடு, அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்னர்தான் அங்கே கூடிக் கலைந்திருந்தது. விடுதலைப் பேச்சு வீதியெங்கும்! அதே வீதி முனையிலே, இலண்டன் காப்பிக் கடை வாயிலிலே, கறுப்பு மனிதர்களை நிறுத்தி ஏலம் விடும் வழக்கமும் உண்டு. உரிமை முழக்கம் ஒருபுறம், மனித விற்பனை மறுபுறம்!

அந்த வீதியிலே ராபர்ட் எயிட்கன் என்பவரின் புத்தகக் கடை. எயிட்கன் மாத இதழ் ஒன்று தொடங்கினார். எழுத வரவில்லை அவருக்கு. உதவிக்குப் பெயினை அழைத்தார். சந்தாதாரர் 600 பேர்தான் அப்போது. மார்ச்சுக்குள் 1,500க்கு மேல்! குமாஸ்தா நாற்காலிக்குக் கடிதம் கொண்டு வந்தவர், கட்டிலை விட்டு எழுந்த சில வாரங்களிலே பத்திரிகை ஆசிரியர்!

கரை இறங்கி ஓராண்டு கழிந்து, 1776 ஜனவரி 10ஆம் நாள், அவருடைய 'பொது அறிவு' வெளிவந்தது. மன்னன் வேண்டாம், தனியாட்சி வேண்டும் என்று அறுத்துச் சொன்ன சிறு நூல். விலை இரண்டு ஷில்லிங். தம் பங்கு இலாபத்தை, கியூபெக் பனியிலே நின்ற போர்வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கினார். பதிப்பாளர் கணக்கு நோட்டை விரித்தார். இலாபமே இல்லையாம்! பெயின் வேறு அச்சகத்துக்குப் போனார். புதுப் பதிப்பைப் பாதி விலைக்கு, ஒரு ஷில்லிங்குக்குப் போட்டார்.