கோயில் கூரையில் நிற்கும் கெல்லி துரை

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றின் பக்கத்தில் கெல்லி மாளிகை நிற்கிறது. படம் பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், கூரை மேல் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பது தெரியும். அவர்தான் மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்.

1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். தொழில் பொறியியல். சார்லஸ் அல்மா பேக்கரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, பேராக் காடுகளை வெட்டித் திருத்தும் குத்தகையில் நல்ல லாபம் பார்த்தார். அந்தப் பணத்தில் கிந்தா வட்டாரத்தில் 1,000 ஏக்கர் வாங்கி ரப்பர் நட்டார். பிறகு ஈயத்திலும் இறங்கினார். தன் சொந்த மண்ணின் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1903-இல் ஆக்னஸை மணந்தார். 1915-இல் மகன் பிறந்தான். இருந்த வீடு போதாது என்று மாளிகை வேலை தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

அதற்குச் செங்கல் மெட்ராஸிலிருந்து வந்தது. கொத்தனார்களும் கைவினைஞர்களுமாகச் சுமார் 70 பேர் அங்கிருந்தே கப்பல் ஏறி வந்தார்கள். கோபுரத்தில் ஏற இறங்க மின்தூக்கி வைப்பது துரையின் ஆசை. அப்போது மலாயாவில் அப்படி ஒன்று இருந்ததில்லை என்பார்கள்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது வந்தது விஷக்காய்ச்சல். 1918-இல் உலகத்தையே புரட்டிப் போட்ட அந்தக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிர்களைக் கொண்டுபோனது. கெல்லியின் வேலையாட்களும் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய் அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். கெல்லி கட்டிக் கொடுத்தார்.

விஞ்ஞானம் படித்தவர் மூடநம்பிக்கைக்கு இடம் கொடுத்தார் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைய விஞ்ஞானத்தின் கையில் என்ன இருந்தது? அந்தக் காய்ச்சலுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். உண்மையான காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டியது 1933-இல்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதற்கென்று மருந்து கிடையாது. கோயில் கட்டியதால் காய்ச்சல் நின்றது என்றும் சொல்ல முடியாது. உலகெங்கும் அது அலையலையாக வந்து தானாகவே தணிந்தது. கோயிலால் கிடைத்தது வேறு. கடல் தாண்டி வந்து, சொந்தங்கள் பக்கத்தில் இல்லாமல், கூட வேலை செய்தவனைப் புதைத்துவிட்டு மறுநாள் சாந்து குழைக்க வேண்டியவர்களுக்கு நின்று அழ ஓர் இடம் கிடைத்தது. மாளிகை வேலை நின்றுவிடக் கூடாது என்ற கணக்கும் துரைக்கு இருந்திருக்கும். முதலாளிதானே. இருந்தாலும் அம்மை, காய்ச்சல் என்றால் மாரியம்மனிடம் போகும் சனங்களைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. வேலையாட்கள் நன்றிக்கு அவர் உருவத்தைச் செய்து சாமிகளோடு சேர்த்து வைத்தார்கள்.

மாளிகை முடியவே இல்லை. 1926-இல் ஐரோப்பாவுக்குப் போன கெல்லி, மின்தூக்கியை வாங்கி வரத்தான் போனார் என்று சொல்லப்படுகிறது. போர்த்துகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சல் கண்டு, 56 வயதில் இறந்தார். அவர் நாட்டுக்காரரான அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அது மருந்தாகக் கைக்கு வர இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகையைக் காடு மூடியது. கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காய்ச்சலில் போன வேலையாட்களின் பெயர்கள் மாளிகைச் சுவரிலும் இல்லை, கோயில் சுவரிலும் இல்லை.