இரு பந்திகளுக்கு இடையே: ஆனந்தரங்கர்

நுழையும்முன்

ஒரு மொழியைக் கற்பது அதன் சொற்களையும் இலக்கணத்தையும் அறிவதோடு முடிவதில்லை. அம்மொழி பேசுவோர் யாருடன் உண்பர், விருந்தினரை எவ்வாறு அமர்த்துவர், எதனை மதிப்பாகக் கருதுவர் என்பனவும் மொழியறிவின் பகுதிகளே. பிரெஞ்சுக்காரரின் விருந்து முறைகளைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அருகிருந்து கண்டு, தமிழில் எழுதிவைத்தவர் ஒருவர். அவர் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

செங்கற்பட்டும் கடற்கரையும்

செங்கற்பட்டில் இருப்புப்பாதையை ஒட்டிப் பழங்கோட்டை ஒன்றின் எச்சங்கள் உள்ளன. அங்கிருந்து கிழக்கே சென்றால் மாமல்லபுரக் கடற்கரை. அக்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் முதலில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும், பின்னர் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளையும் காணலாம். இம்மூன்று இடங்களும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் ஆசைகளோடும் தோல்விகளோடும் பிணைந்திருந்தன. அக்காலத்தின் சான்றாளர் ஆனந்தரங்கர். செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

இளமையும் பணியும்

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்று அவர் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். நைனியப்பர் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக உயர்ந்தவர்; பின்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலேயே இறந்தவர். துபாஷி என்பதற்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். அப்பதவியின் ஏற்றத்தையும் இடரையும் ஆனந்தரங்கர் தம் குடும்பத்திலேயே கண்டு வளர்ந்தார்.

பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையில் பணியாற்றி, வணிகத்தில் பெயர் பெற்ற அவர், துபாஷி கனகராய முதலியாரின் மறைவுக்குப் பின் 1747இல் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியானார். ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கில் செல்லவும், காலணியுடன் நுழையவும், பொற்பூண் கட்டிய கைத்தடி ஏந்தவும் அவர் உரிமை பெற்றார். 1749இல் முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைகளுக்கு உரிய மன்சப்தார் பட்டத்தையும் செங்கற்பட்டுக் கோட்டைத் தலைமையையும் அளித்தார்.

மேசையும் வாழையிலையும்

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை, இடையிடையே விடுபட்டாலும், வாழ்நாள் இறுதிவரை அவர் தொடர்ந்தார். கப்பல் வருகை, சரக்கு விலை, போர்ச்செய்தி ஆகியவற்றோடு விருந்துகளும் அதில் இடம்பெற்றன. புனித லூயி திருநாளான ஆகஸ்டு 25 போன்ற நாட்களில் பிரெஞ்சுக்காரர் தேவாலய வழிபாட்டுக்குப் பின் விருந்துக்கு அமர்வர். மன்னரின் நலம் வேண்டி மதுக்கிண்ணத்தை உயர்த்தும்போது கோட்டையில் பீரங்கிகள் முழங்கும். எத்தனை குண்டுகள் வெடித்தன என்பதையும் ஆனந்தரங்கர் எண்ணி எழுதினார். மேசையில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த எண்ணிக்கை உணர்த்தியது.

இன்று பிரெஞ்சு விருந்தில் உணவு ஒவ்வொன்றாக, வரிசை முறையில் வருகிறது. அவர் காலத்தில் அவ்வாறில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பல உணவுகள் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பப்படும். விருந்தினர் தமக்கு அருகில் இருப்பவற்றை எடுத்து உண்பர். அவ்வகையில், எல்லாவற்றையும் ஒருசேரப் படைக்கும் நம் வாழையிலைக்கு அது நெருங்கியதே. ஆயினும் ஒன்றில் பெரிய வேறுபாடு இருந்தது. அங்கே பதவி இடத்தை வரையறுத்தது. இங்கே சாதி பந்தியைப் பிரித்தது.

இந்த வேறுபாடு 1745ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. கனகராய முதலியார் தாம் எழுப்பிய தேவாலயத்தை முன்னிட்டு உழவர்கரையில் பெருவிருந்து வைத்தார். தமிழர்களுக்கு அவரவர் வழக்கப்படி தனித்தனியே சமைக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு மேசையிட்டுப் பரிமாறப்பட்டது. துய்ப்ளேயும் வந்து உண்டார். செலவில் குறைவில்லை, எனினும் விருந்தில் நிறைவில்லை என்று ஆனந்தரங்கர் எழுதினார். அது இந்துக்களின் முறைக்கும் ஐரோப்பியரின் முறைக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது அவர் கருத்து. பதவியில் தமக்கு மேலிருந்தவரைப் பற்றிய இக்கருத்தில் சிறிது போட்டியுணர்வும் கலந்திருக்கலாம். ஆயினும் இரு பண்பாடுகளையும் தனித்தனியே அறிந்தவரால்தான் அவை இணையும் இடத்தில் உள்ள குறையைச் சுட்ட முடியும்.

அவரது எழுத்து பேச்சுத்தமிழ். பிறமொழிச் சொற்கள் கலந்தது. கடற்கரை வணிகத்தில் அன்று போர்த்துகீசிய மொழியும் பரவலாக வழங்கியது. மேசை, குசினி, பிஸ்கோத்து முதலிய சொற்கள் அதன்வழியே தமிழில் குடியேறின. பொருள் வந்தபோது பெயரும் உடன்வந்தது.

விருந்து நின்ற நாட்கள்

ஏற்றம் நிலைக்கவில்லை. 1751இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த செங்கற்பட்டுக் கோட்டையை அடுத்த ஆண்டே கிளைவ் கைப்பற்றினார். 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த சமாதானப் பேச்சு பயனின்றி முடிந்தது. அதே ஆண்டில் துய்ப்ளே பிரான்சுக்குத் திரும்பினார். 1756இல் ஆனந்தரங்கரும் பதவி இழந்தார். எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

1760இல் ஆங்கிலேயர் ஆலம்பரைக் கோட்டையைக் கைப்பற்றி அழித்தனர். புதுச்சேரியையும் நிலத்திலும் கடலிலும் வளைத்தனர். நகருக்குள் அரிசி அரிதாயிற்று. உணவைச் சேமிக்கும் பொருட்டுத் தமிழ்மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். முற்றுகையிட்டோர் அவர்களை உடனே கடந்துசெல்ல விடவில்லை. அவர்கள் இரு படைகளுக்கும் நடுவே பல நாட்கள் பசியோடு அலைந்தனர். பீரங்கி முழங்க விருந்துண்ட நகரம் இறுதியில் பசியாலும் பணிந்தது. ஆனந்தரங்கர் 1761 ஜனவரி 12 அன்று மறைந்தார். நான்கு நாட்கள் கழித்துப் புதுச்சேரி சரணடைந்தது.

எழுத்தின் மறுபிறப்பு

ஏறத்தாழ 85 ஆண்டுகள் மறைந்துகிடந்த நாட்குறிப்பை 1846இல் கலுவா மோம்பிரேன் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சியின் வரலாற்றை எழுதுவோர்க்கு அது இன்றியமையாத சான்றாகும்.

பிறர் உணவை இகழாமலும், அதன் பகட்டில் மயங்காமலும் உற்றுநோக்கியவர் ஆனந்தரங்கர். விருந்தை எழுதிய அதே கையால் பஞ்சத்தையும் எழுதினார். பிறமொழி கற்க விரும்பும் மாணவர் அவரிடமிருந்து பெறவேண்டியது இந்த நிதானமான பார்வையே.