நிலத்தின் நாடி கண்ட ஓல்டம்

மேற்கே ஓங்கிய மலைத்தொடரும், கிழக்கே பரந்த கரிசல் நிலமும் சூழ்ந்த கிருஷ்ணன்கோவிலிற் பிறந்து வளர்ந்த எம்போன்றார்க்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்வியளவேயாம். மணிமேகலையிற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியைப் படித்த காலத்தும், அதனைப் புலவர் கற்பனையென்றே யான் எண்ணியிருந்தேன். ஆனால், யான் பிறப்பதற்கு முன்னர், 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாட் காலையில், நம் கரையோரத்தில் நிகழ்ந்ததை மூத்தோர்பாற் கேட்டபின் அவ்வெண்ணம் மாறிற்று. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். அக்கடல்கோள் எங்ஙனம் தோன்றியது, அதனை முன்னறிதல் இயலுமா என்று நூல்களிற் றேடியபோது எதிர்ப்பட்டவரே ரிச்சர்டு டிக்சன் ஓல்டம் என்னும் பேரறிஞர்.

இவர் 1858-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரிற் பிறந்தார். இவர்தம் தந்தையாராகிய தாமஸ் ஓல்டம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதற்றலைவராய் 1851 முதற் பணிபுரிந்தவர். இந்நாட்டு நிலநடுக்கங்களைத் தொகுத்து வரிசைப்படுத்த முனைந்தவர். அப்பணி அச்சேறுமுன்னரே 1878-இல் அவர் இறந்தார். ரக்பிப் பள்ளியிலும் இலண்டன் அரசினர் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றிருந்த மைந்தர், மறு ஆண்டே தந்தையார் வளர்த்த அத்துறையிற் சேர்ந்து இந்தியா போந்தார். தந்தையார் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைச் செப்பஞ்செய்து வெளியிட்டதே நிலநடுக்க ஆராய்ச்சியில் இவர் ஆற்றிய முதற்பணிகளுள் ஒன்றாம்.

இவர் இந்தியா வந்த இரண்டாண்டுகளில், 1881-ஆம் ஆண்டின் இறுதி நாட் காலையில், கார் நிக்கோபார்த் தீவையடுத்த கடலடியில் ஒரு பெரு நடுக்கம் உண்டாயிற்று. சென்னையிலும் அதன் அசைவு உணரப்பட்டது. அக்காலத்தே நில அளவைத் துறையார், கடலின் ஏற்றவற்றத்தைச் சுழலுந் தாளில் தாமே வரைந்துகொள்ளும் கருவிகளைத் துறைமுகந்தோறும் அமைத்திருந்தனர். போர்ட் பிளேர், நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த அக்கருவிகள் அன்று வழக்கத்துக்கு மாறான அலைகளை வரைந்து காட்டின. அலையின் உச்சமோ ஒரு மீட்டருக்கும் குறைவே. கரையில் நின்றோர் பலர் அதனைப் பொருட்படுத்தியிரார். ஆயினும் நிக்கோபார்க் கடலில் நிலம் அசையின் சோழமண்டலக் கரையில் நீர் எழும் என்னும் உண்மை அத்தாள்களில் எழுதப்பட்டுவிட்டது. இந்நடுக்கத்தைப் பற்றிக் கிடைத்த சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்த ஓல்டம், 1884-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுக்கு மேற்படவில்லை.

அவரது பெயரை உலகறியச் செய்தது 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் நிகழ்ந்த அஸ்ஸாம் பெருநடுக்கமாகும். ஷில்லாங் நகரத்துக் கற்கட்டடங்கள் நொடிப்பொழுதில் இடிந்து வீழ்ந்தன. ஓல்டம் தம் துணைவருடன் சிதைந்த வழிகளெல்லாம் சென்று, விரிசல்களையும் சரிவுகளையும் அளந்து, 1899-இல் விரிவானதோர் அறிக்கை அளித்தார். நிலத்திற் கிடந்த கற்கள் மேனோக்கி எறியப்பட்டிருந்தமை கண்டு, நில அசைவின் விசை புவியீர்ப்பினையும் விஞ்சியதெனத் தெளிந்தார். செட்ரங் ஆற்றின் வழியே நிலம் பிளந்து, ஒரு புறம் மறுபுறத்தினும் முப்பதடிக்கு மேலும் உயர்ந்திருந்ததையும், அதனால் ஆற்றில் அருவிகளும் குளங்களும் புதியனவாய்த் தோன்றியதையும் குறித்து வைத்தார்.

இங்ஙனம் நிலம் திடீரென உயர்தல் தரையிலன்றிக் கடலடியில் நிகழுமாயின் யாதாகும்? அதுவே சுனாமியின் பிறப்பாகும். துறைமுக அலை என்னும் பொருள்படும் ஜப்பானியச் சொல் அது. கடலடித் தரை ஒரு பக்கம் எழுந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் போகவே, அதன்மேல் நின்ற நீர்த்தொகுதி முழுவதும் அடிமுதல் முடிவரை நிலைகுலைகின்றது. காற்றால் எழும் அலை நீரின் மேற்பரப்பையே அலைப்பது. இதுவோ கடலின் ஆழம் முழுவதும் அசையும் அசைவு. ஆழம் மிகுந்தோறும் இதன் விரைவும் மிகும். நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வரை செல்லும்; ஆயினும் அங்கே அதன் உயரம் சிறிதாதலின் மரக்கலத்தார் அதனை உணரார். கரையை அணுகி ஆழங் குறையக் குறைய விரைவும் குறைகின்றது. பின்வரும் நீர் முன்செல்லும் நீரை நெருக்க, அலை உயர்ந்து ஊருட் புகுகின்றது. சிலபோது கடல் முதலில் உள்வாங்கித் தரை தோன்றும். அது வேடிக்கை பார்க்கும் வேளையன்று. மேட்டுநிலம் நாடி ஓடும் வேளையாம்.

அஸ்ஸாம் நடுக்கத்தின் அதிர்வுகளை ஐரோப்பாவிலிருந்த கருவிகளும் பதிந்திருந்தன. அக்கோடுகளை ஒப்புநோக்கிய ஓல்டம், அவற்றுள் மூவகை அலைகள் உளவெனக் கண்டு, 1900-இல் அம்முடிபினை உறுதிப்படுத்தி வெளியிட்டார். முதலில் வருவது நிலத்தை நெருக்கியும் விரித்தும் செல்வது. அடுத்து வருவது குறுக்காக அசைத்துச் செல்வது. ஈற்றில் வருவது நிலத்தின் மேற்பரப்பிலே படர்வது. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள கால இடைவெளியைக் கொண்டு, நடுக்கம் எத்துணைத் தொலைவில் நிகழ்ந்தது என்று கணித்தல் கூடும். மூன்று நிலையங்களேனும் இவ்வாறு கணித்தால் நடுக்கம் பிறந்த இடமே புலனாகிவிடும்.

உடல்நலங் குன்றியமையால் 1903-இல் பணியினின்றும் விலகி இவர் தாயகம் மீண்டார். நோய் உடலைத் தளர்த்தியதேயன்றி ஆராய்ச்சியைத் தளர்த்தவில்லை. உலகின் ஒரு பக்கத்தில் எழும் நடுக்க அலைகள் மையத்தை ஒட்டி ஊடுருவி மறுபக்கம் வருங்கால் காலந்தாழ்த்து வருதலைக் கண்டு, நிலவுருண்டையின் நடுவே வேறுபட்டதொரு கரு உண்டென்று 1906-இல் நிறுவினார். அக்கருவின் புறப்பகுதி உருகிய நிலையிலுள்ளதெனப் பிற்காலத்து அறிஞர் தெளிவித்தனர். எனினும் அதற்கு வழிகாட்டியவர் இவரே. லயல் பதக்கம் 1908-இலும், அரசவைக் கழக உறுப்பாண்மை 1911-இலும் இவரை வந்தடைந்தன. 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலவியற் கழகத்தின் தலைவராயும் விளங்கினார். 1936-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் இயற்கை எய்தினார்.

இனி, 2004-ஆம் ஆண்டின் அக்காலையை மீண்டும் எண்ணிப்பார்ப்போம். சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அசைந்தபோது நம் நாட்டில் மணி ஆறரை. ஓல்டம் பிரித்துக் காட்டிய முதல் அலை ஐந்து நிமிடங்களுக்குள் சென்னையை அடைந்துவிட்டது. கடலலை நம் கரையைத் தொட்டதோ ஒன்பது மணியளவில். இடையே இரண்டு மணிக்கு மேற்பட்ட பொழுது இருந்தது. நாகப்பட்டினத்து மீனவர் குடிகள் கடலைவிட்டு விலகிச் செல்ல அப்பொழுது போதும். நில அலை வந்து சொல்லிற்று. அதனைக் கேட்டு மீனவர் குப்பங்களுக்கு உரைக்கும் ஏற்பாடு அன்று நம்மிடம் இல்லை. அறிவு இல்லாமையாலன்று, அறிந்ததைக் கரைசேர்க்காமையாலேயே அத்துணை உயிர்களை இழந்தோம்.

அக்குறை தீர, 2007-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. கடலடி அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கடல்மட்டம் காட்டும் கருவிகளும், நிலநடுக்கக் கருவிகளும் அதற்குச் செய்தி தருகின்றன. நடுக்கம் எந்நாளில் நிகழும் என்று முன்கூட்டி உரைத்தல் இன்றும் எவர்க்கும் இயலாது. நிகழ்ந்தபின் அலை வருமுன் உரைத்தலே இயலும்.

தந்தையார் முடியாது விட்ட ஏடுகளை முடித்தும், நோயுற்ற காலத்தும் கோடுகளைக் கூர்ந்து நோக்கியும் வாழ்ந்த ஓல்டம், தம் உழைப்பு நாகப்பட்டினத்துக் குழந்தைகளைக் காக்க உதவும் என்று எண்ணியிருப்பாரோ, அறியோம். ஆயினும் இன்று எச்சரிக்கை நிலையத்தார் பார்த்திருக்கும் ஒவ்வொரு நடுக்கக் கோட்டிலும் அவர்தம் உழைப்பு உளது. மாணவர்காள்! கற்பது கற்றவரோடு நின்றுவிடாமல், கரையில் நிற்கும் எளியவன் செவிவரை செல்லுதல் வேண்டும். அதற்கு நம்மாலியன்றதைச் செய்வதே அப்பேரறிஞர்க்கு நாம் ஆற்றும் நன்றிக்கடனாம்.