அயோத்திதாசர்: இழிவுக்கு மருந்து தேடிய பண்டிதர்

க. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சென்னை இராயப்பேட்டையில் சித்த மருத்துவம் பார்த்தவர். நாடி பார்த்த அதே கையால் இதழும் நடத்தினார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். இளமை நீலகிரியில் கழிந்தது.

1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் தம் மக்கள் நுழைய உரிமை கோரினார். உங்களுக்கென வேறு தெய்வங்கள் உண்டு என்ற பொருளிலேயே விடை வந்தது. அதன்பின் அக்கதவுகளை அவர் தட்டவில்லை. 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

1907 ஜூன் 19இல் வெளிவரத் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ (பின்னர் ‘தமிழன்’) இதழில் அவர் செய்தது விந்தையான வேலை. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பௌத்தப் பொருள் உரைத்தார். தீண்டப்படாதோர் எனப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், வீழ்த்தப்பட்டவர்கள் என்று வரலாற்றைத் திருப்பி எழுதினார். பறையர் என்ற பெயரை மறுத்து, சாதிபேதமற்ற திராவிடர் என்று அழைத்தார். அவருடைய சொல்லாராய்ச்சி பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் வசவையே பெயராகச் சுமந்தவர்களுக்கு முன்னோரையும் திருநாளையும் மீட்டுத் தந்தது அதுவே.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் மனநலம் குறித்து 1995இல் வெளியான தேசிய அறிக்கை, நலம் தனியாளின் உடலுக்குள் மட்டும் இல்லை. நிலம், உறவு, பண்பாடு, முன்னோர் ஆகியவற்றோடு பிணைந்தது என்ற அம்மக்களின் பார்வையை முன்வைத்தது. பண்டிதரின் வழியும் ஏறத்தாழ அதுவே. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர்களிடையே அவரது சங்கம் வேரூன்றியது. மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் கிளைகள் இருந்தன. பகலில் பாறை வெட்டியவர்கள் மாலையில் ‘தமிழ’னைப் படிக்கக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆயினும் ஆம்பூர், வேலூர்த் தோல் மண்டலத்திலிருந்து அவரைப் படிப்போர் ஒரு பக்கத்தைத் தாண்டிச் செல்ல இயலாது. தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு என்று அவர் பிரித்தார். சக்கிலியர், தோட்டி, குறவர் ஆகியோரை இரண்டாம் வகையில் வைத்தார். தோலைத் தொடும் கையை இழிவென்று ஊர் சொன்னதை, தம் மக்களுக்கு மறுத்தவர் அருந்ததியருக்கு மறுக்கவில்லை. ஒருவரின் காயத்துக்கு இட்ட மருந்து பக்கத்துத் தெருவில் புதுக் காயமாயிற்று. தோல் தொழிற்சாலைகளின் வாயிலில் சங்கம் கட்டுவோர் இன்றும் அந்தப் பிரிவினையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

1914 மே 5இல் அவர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது.