கியர் போட்டு மலை ஏறினால் கௌரவக் குறைச்சலா? பந்தய உலகத்தையே எதிர்த்து நின்ற பட்டு வியாபாரி... யார் இந்த வெலோசியோ?

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிற யாரும் இன்னைக்கு இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஏற்றம் வந்தால் ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரை ஒரு தட்டு தட்டினால் போதும். செயின் அடுத்த பல்சக்கரத்துக்கு மாறும், கால் லேசாகும், வண்டி மேலே ஏறும்.

ஆனா, 120 வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸில் நிலைமையே வேற. கியர் மாற்றி ஏறுகிறவர் உடம்பில் தெம்பில்லாதவர் என்று பந்தய உலகம் கேலி செய்தது. அந்தக் கேலியைப் பல வருடங்கள் தனியாளாக எதிர்த்து நின்றவர்தான் பால் டி விவி. சைக்கிள் உலகத்துக்கு அவர் வெலோசியோ. அது அவர் எழுதுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர்.

பட்டு வியாபாரத்தை விட்ட மனிதர்

தெற்கு பிரான்ஸில் உள்ள பெர்ன் என்ற சின்ன ஊரில் 1853-ல் பிறந்தவர் விவி. பட்டுத் தொழிலில் இறங்கினார். ரிப்பன், நிலக்கரி, ஆயுதத் தொழிற்சாலை என்று பரபரப்பாக இருந்த செயின்ட் எட்டியென் நகரத்தில் குடியேறினார். நல்ல வருமானம், குடும்பம் என்று வாழ்க்கை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

1881-ல் ஒரு சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகவும், பின்சக்கரம் சின்னதாகவும் இருக்கும் அந்தக் காலத்து வண்டி. அப்போது அவருக்கு வயது 28. வாங்கிய நாளிலிருந்து மனசு கடையில் இல்லை, சாலையில்தான் இருந்தது.

1887-ல் பட்டு வியாபாரத்தை விற்றுவிட்டு சைக்கிள் கடை திறந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து வண்டிகளை வரவழைத்து விற்றார். கூடவே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே அதன் பெயர் லெ சிக்லிஸ்த் ஆனது. யார் எந்த மலையில் ஏறினார்கள், எந்த வண்டியில் போனார்கள், வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்று பயணக் கதைகளை அது தொடர்ந்து வெளியிட்டது.

பைப் புகைத்துக்கொண்டே முந்திய இளைஞர்

செயின்ட் எட்டியெனுக்குத் தெற்கே இருக்கிறது ரிபப்ளிக் கணவாய். உயரம் 1,161 மீட்டர். நகரத்தை விட்டுக் கிளம்பியதுமே ஏற்றம் ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் விவி மூச்சு வாங்க அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு இளைஞர் பைப் புகைத்துக்கொண்டே நிதானமாக அவரை முந்திப் போனதாக ஒரு கதை உண்டு. அந்த வயசு இனிமேல் தனக்குத் திரும்பாது என்று விவிக்குப் புரிந்தது. உடம்பை மாற்ற முடியாது; அப்படின்னா வண்டியை மாற்ற வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார்.

அவருடைய முதல் ஏற்பாடு ரொம்ப எளிமை. பெடல் பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்கள். சமதரையில் பெரியது, ஏற்றத்தில் சின்னது. மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் செயினைத் தூக்கி அடுத்ததில் போட வேண்டும். கை முழுக்க கிரீஸ்தான்! அடுத்து இடது பக்கத்திலும் பல்சக்கரங்களைச் சேர்த்து நான்கு கியர் ஆக்கினார். பிறகு, ஓட்டிக்கொண்டே செயினை மாற்றும் டெரெய்லர் முறைகளை மேம்படுத்துவதிலும் பரப்புவதிலும் இறங்கினார்.

கியர் உண்மையில் என்ன செய்கிறது?

பெடல் பக்கம் 48 பற்கள், பின்சக்கரத்தில் 16 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். சமதரையில் பறக்கலாம். செங்குத்து ஏற்றத்தில் முழங்கால் போய்விடும்.

அதையே இரண்டு பக்கமும் 32 பற்களாக மாற்றினால், ஒரு மிதிக்கு ஒரே ஒரு சுற்றுதான். வேகம் குறையும். ஆனா ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கியர் புதிதாகப் பலம் எதையும் தருவதில்லை. இருக்கிற பலத்தைப் பிரித்துப் பிரித்துச் செலவு செய்ய வைக்கிறது. அவ்வளவுதான்.

ஆற்று இடுக்குகளில் ஏன் இது முக்கியம்?

செயின்ட் எட்டியெனைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தால் விவியின் பிடிவாதம் புரியும். மேற்கே லுவார் ஆறு பாறைகளைக் குடைந்துகொண்டு இடுக்கு வழியாக ஓடுகிறது. தெற்கே பிலா மலைத்தொடர். அதைத் தாண்டி இறங்கினால் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இன்னும் தெற்கே போனால் புரோவென்ஸும், 1,900 மீட்டரைத் தாண்டி நிற்கும் வான்டூ மலையும்.

ஒரு கணவாய் என்றால் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் என்று முடிந்துவிடும். ஆற்று இடுக்கு அப்படி இல்லை. பாலத்துக்கு இறங்கு, எதிர்க்கரையில் ஏறு, அடுத்த ஓடைக்கு மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. நாள் முழுக்க இதே கதை. ஒரே ஒரு கியர் உள்ள வண்டியில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

விவி இந்த நிலத்தில் பகல், இரவு பார்க்காமல் ஓட்டினார். ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களோடு புரோவென்ஸ் பக்கம் கிளம்பிவிடுவார். வான்டூ மலையில் பல முறை ஏறியிருக்கிறார்.

1902: ஒரு பெண் கொடுத்த பதில்

எதிர் அணியில் இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஆன்றி டெக்ராஞ்ஜ். லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர். 1903-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்து நடத்தியவர். கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கான சமாச்சாரம், தசை பலத்தால் ஜெயிப்பதுதான் ஆண்மை என்பது அவர் வாதம்.

1902-ல் பிரெஞ்சு டூரிங் கிளப் ஒரு மலைப்பாதைச் சோதனையை நடத்தியது. எடுவார் ஃபிஷர் என்ற பந்தய வீரர் ஒற்றைக் கியர் வண்டியில் வந்தார். மார்த் ஹெஸ் என்ற பெண், விவியின் லா கோல்வாஸ் வண்டியில் வந்தார். அதில் மூன்று கியர். ஜெயித்தது மார்த் ஹெஸ். வழியில் எங்கேயும் இறங்கித் தள்ளாமல் ஓட்டி முடித்தார் என்கின்றன அந்தக் காலத்துப் பதிவுகள்.

அப்படியும் டெக்ராஞ்ஜ் மனம் மாறவில்லை. இங்கேதான் இந்தச் சண்டையின் உண்மையான அர்த்தம் இருக்கிறது. மலை யாருக்குச் சொந்தம்? இருபது வயது வீரர்களுக்கு மட்டுமா? பெண்கள், வயசானவர்கள், வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்கள் எல்லாம் அடிவாரத்திலேயே நிற்க வேண்டுமா? விவி கேட்டது இதைத்தான்.

வாசகர்களுக்குக் கொடுத்த அறிவுரைகள்

விவி சைவ உணவுக்காரர். எஸ்பெராந்தோ மொழி ஆர்வலர். நீண்ட பயணம் போகிறவர்களுக்காக ஏழு விதிகளை வகுத்தார். பசி வருவதற்கு முன்பே சாப்பிடுவது, தாகம் எடுப்பதற்கு முன்பே குடிப்பது, குளிர் ஏறுவதற்கு முன்பே போர்த்திக்கொள்வது, முதல் சில மணி நேரத்தில் பலத்தை வீணாக்காமல் இருப்பது ஆகியவை அவற்றில் சில. மற்றவர்களிடம் பெருமை காட்ட மிதிக்கக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் இன்றும் இதையெல்லாம் கடைப்பிடிக்கிறார்கள்.

சொந்த ஊர்த் தெருவில் முடிந்த பயணம்

1922-லிருந்து ரிபப்ளிக் கணவாயில் வருஷா வருஷம் வெலோசியோ தினம் நடத்தப்பட்டது. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள். முதுமையிலும் விவி அவர்களோடு ஏறினார்.

1930-ல் அவருக்கு வயது 76. செயின்ட் எட்டியெனில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தபோது, எதிரே வந்த காருக்கு விலகப் பின்வாங்கினார். பின்னால் வந்த டிராம் மோதியது. அரை நூற்றாண்டு மலைப்பாதைகளில் திரிந்தவரின் உயிர் நகரத்துத் தெருவில் போனது.

கடைசியில் ஜெயித்தது யார்?

டூர் டி பிரான்ஸ் பொறுப்பிலிருந்து டெக்ராஞ்ஜ் விலகிய பிறகு, 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் டெரெய்லர் கியர் அனுமதிக்கப்பட்டது. அதைப் பார்க்க விவி இல்லை. அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

ரிபப்ளிக் கணவாயில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய ஃப்ளெஷ் வெலோசியோ பயணமும் அவர் பெயரில்தான் நடக்கிறது. மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு, 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கி.மீ. போக வேண்டும். ஈஸ்டர் சமயத்தில், அவர் போன அதே புரோவென்ஸை நோக்கி. இதில் ஒருத்தரை ஒருத்தர் முந்த வேண்டியதில்லை. குழு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.