சொந்த மைதானம் தேடித் தந்த புச்சிபாபு

சாந்தோமிலிருந்து கச்சேரி சாலை வழியாக மேற்கே நடந்தால் லஸ் முனை வரும். அங்கிருந்து லஸ் சர்ச் சாலை பிரிகிறது. அந்தச் சாலையிலேதான் “லஸ் ஹவுஸ்” என்ற பெரிய மாளிகை இருந்தது. சென்னையில் நம்மவர்கள் கிரிக்கெட் விளையாடக் கற்ற கதை அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வீட்டில் வளர்ந்தவர் புச்சிபாபு நாயுடு. முழுப்பெயர் மோதவரபு வெங்கட மகீபதி நாயுடு. இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி அவரை அழைத்தவர்கள் குறைவு. புச்சிபாபு என்றால்தான் சென்னைக்குத் தெரியும். “தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை” என்று இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

சென்னை அணி சேப்பாக்கத்தில் விளையாடுவதை நாம் இன்று சாதாரண விஷயமாக நினைக்கிறோம். அந்த அணி கடல் கடந்து போய் விளையாடினால் மனம் வாடுகிறோம். ஆனால் நம்மவர்களுக்குச் சொந்த ஊரிலேயே சொந்த மைதானம் இல்லாத காலமும் இருந்தது. அதை மாற்றிக் காட்டியவர் புச்சிபாபு.

துபாஷ் வீட்டுப் பிள்ளை

புச்சிபாபு பிறந்தது 1868-ம் ஆண்டு. அவருடைய குடும்பம் துபாஷ் குடும்பம். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவே நின்று காரியத்தை முடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். புச்சிபாபுவின் பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷ். செல்வத்துக்குக் குறைவில்லை.

அந்தக் காலப் பெரிய வீடுகளின் வழக்கப்படி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலேயத் தாதிகளை வைத்திருந்தார்கள். மாலை நேரத்தில் அவர்கள் பிள்ளைகளைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் வெள்ளை உடை உடுத்து, மட்டையும் பந்துமாக ஆடுவார்கள். சிறுவன் புச்சிபாபு அதைக் கண்கொட்டாமல் பார்த்தான். ஆட்டம் அவன் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

மரத்தடியில் சாப்பாடு

சேப்பாக்கம் மைதானம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. 1846-ம் ஆண்டிலே தொடங்கிய கிளப் அது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே அங்கத்தினர்கள்.

எப்போதாவது நம்மவர்களைக் கூப்பிட்டு அவர்கள் ஆடுவது உண்டு. ஆனால் பகல் சாப்பாட்டு வேளை வந்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். வெள்ளைக்காரர்கள் ‘பெவிலியன்’ என்ற கட்டடத்துக்குள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம்மவர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். பந்து வீசலாம், மட்டை பிடிக்கலாம், படியேறி உள்ளே போகக் கூடாது!

பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் புச்சிபாபுவுக்கும் அதே கதிதான். இது அவர் மனத்தைச் சுட்டது. வேறு ஒருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டோடு இருந்திருப்பார். அல்லது துரைமார்களிடம் சலுகை கேட்டு நின்றிருப்பார். புச்சிபாபு இரண்டையும் செய்யவில்லை. நமக்கென்று ஒரு கிளப், நமக்கென்று ஒரு மைதானம் வேண்டும் என்று தீர்மானித்தார்.

இருபது வயதில் செய்த காரியம்

1888-ம் ஆண்டில் ‘மெட்ராஸ் யுனைடெட் கிளப்’ பிறந்தது. அப்போது புச்சிபாபுவுக்கு வயது இருபது!

கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு பகுதியில் கிளப்புக்கு மைதானம் அமைந்தது. மைதானம் கிடைத்துவிட்டால் போதுமா? ஆட ஆள் வேண்டாமா? கிரிக்கெட் செலவு பிடிக்கிற ஆட்டம். மட்டை சீமையிலிருந்து வரவேண்டும். பந்தும், காலுறையும், உடுப்பும் வாங்க வேண்டும். ஏழைப் பையனுக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் அது எட்டாத கனி.

புச்சிபாபு தம் பணத்தை எடுத்துச் செலவு செய்தார். திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். மட்டை கொடுத்தார். உடுப்புக் கொடுத்தார். ஆட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். தாமும் நன்றாக ஆடினார். பணம் படைத்த ஒருவர் பந்தயக் குதிரையிலே கொட்டக்கூடிய செல்வத்தை, ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்திலே கொட்டினார்.

சேப்பாக்கத்தில் விருந்தாளியாக நின்றவர்கள், எஸ்பிளனேடில் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் அது தங்கள் இடம்.

எதிரெதிரே நின்று ஆட ஆசை

இருபது வருஷம் ஓடியது. நம்மவர்களின் ஆட்டம் நன்றாகத் தேறிவிட்டது. இப்போது புச்சிபாபுவுக்கு இன்னொரு ஆசை பிறந்தது. வெள்ளைக்காரர் அணியும் இந்தியர் அணியும் சமமாக நின்று மோத வேண்டும். வருஷந்தோறும் அது நடக்க வேண்டும்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பாருடன் அவர் பேசினார். அவர்களும் இணங்கினார்கள். 1908-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆட்டம் என்று முடிவாயிற்று. இந்தியர் அணிக்குப் புச்சிபாபுதான் தலைமை தாங்குவதாக இருந்தது. ஏற்பாடுகள் எல்லாம் தயார்.

ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. ஆட்டம் நடக்குமுன்பே புச்சிபாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான்.

ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. பி.சுப்பிரமணியம் என்பவர் இந்தியர் அணியை நடத்திச் சென்றார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ‘பிரசிடென்சி மாட்ச்’ என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அது பொங்கலை ஒட்டி நடக்கும். கரும்பும் மஞ்சளும் வாங்குவதுபோல, பொங்கல் ஆட்டம் பார்ப்பதும் சென்னைக்காரர்களுக்கு ஒரு வழக்கமாயிற்று. 1952 வரை இந்தப் போட்டி நடந்தது.

மகன்கள் காத்த பெருமை

தந்தை விட்டுப்போன வேலையை மகன்கள் தொடர்ந்தார்கள். வெங்கடராமானுஜுலு, பாலையா, ராமசுவாமி மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ராமசுவாமி, தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் சி.ராமசுவாமி ஆனார்.

இவர் 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-ல் இங்கிலாந்து சென்று டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. மான்செஸ்டரில் நடந்த தம்முடைய முதல் டெஸ்டிலே 40 ஓட்டமும் 60 ஓட்டமும் எடுத்தார். தகப்பனார் கண்மூடிய அதே வயதில் மகன் உலக அரங்கில் ஏறினார்!

சேப்பாக்கத்தின் கதையும் மாறியது. 1934-ல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அதே மைதானத்தில்தான். தோற்றது இங்கிலாந்து. நம்மவர்கள் மரத்தடியில் சாப்பிட்ட இடத்தில், நம்மவர்களே வென்று நின்றார்கள்.

அணி கடல் கடந்தது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2008-ம் ஆண்டில் ஐ.பி.எல். போட்டி தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற அணி சேப்பாக்கத்தைத் தன் வீடாக்கிக்கொண்டது. சாந்தோமிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலை வழியாக நடந்தே ஆட்டத்துக்குப் போகலாம்.

மறு வருஷமே ஏமாற்றம் வந்தது. 2009-ல் பாராளுமன்றத் தேர்தல். பாதுகாப்புக் காரணத்தால் போட்டி முழுவதும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. டர்பனில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் ஊரில் சென்னை அணி ஆடியது. ஆனால் சென்னை ரசிகருக்குத் தொலைக்காட்சிப் பெட்டிதான் கதி.

2014-ல் தொடக்க ஆட்டங்கள் அரபு நாட்டுக்குப் போயின. 2018-ல் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மற்றவை புனேக்குப் போயின. சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் புனேக்குப் போய் ஆட்டம் பார்த்தார்கள். சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்க ஒரு நாள் ரயில் பயணம்!

பிறகு கொரோனா நோய் வந்தது. 2020-ல் போட்டி முழுவதும் அரபு நாட்டில் நடந்தது. 2021-ல் சென்னை அணி கோப்பையை வென்றது துபாயில். சேப்பாக்கத்தில் அதன் ஆட்டத்தைப் பார்க்க, 2019-க்குப் பிறகு 2023 ஏப்ரல் வரை ரசிகர்கள் காத்திருந்தார்கள். சென்னையின் கால்பந்து அணிக்கும் இதே கதிதான். இரண்டு பருவங்களின் ஆட்டங்களையும் அது கோவாவில் ஆடி முடித்தது.

காரணம் எது?

தேர்தலுக்காகவும் நோய்க்காகவும் அணி இடம் பெயர்ந்தால் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உயிரைவிட ஆட்டம் பெரிதல்ல. ஆனால் பணத்துக்காகவே இடம் மாற்றினால்?

கால்பந்து உலகில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்திருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தின் பிரிமியர் லீக், ஒரு சுற்று ஆட்டத்தை வெளிநாடுகளில் நடத்த எண்ணியது. எதிர்ப்புக் கிளம்பவே கைவிட்டது. 2025-ல் ஸ்பெயின் நாட்டு வில்லாரியல் அணி, பார்சிலோனாவோடு தன் ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தை அமெரிக்காவில் உள்ள மயாமியில் நடத்த ஏற்பாடாயிற்று. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆட்டம் தொடங்கியதும் 15 விநாடி அசையாமல் நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். அக்டோபரிலே அந்த ஏற்பாடு ரத்தாகிவிட்டது.

அமெரிக்காவில் ஆடினால் புதிய ரசிகர்கள் கிடைப்பார்கள். வருமானம் பெருகும் என்பது ஏற்பாடு செய்தவர்களின் கட்சி. அதிலும் உண்மை உண்டு. ஆனால் மழையிலும் வெயிலிலும் வருஷம் முழுவதும் வந்து நிற்கிறவன் உள்ளூர்க்காரன். விமானச் சீட்டு வாங்க அவனிடம் பணம் இல்லை. மைதான வாசலில் கொடி விற்கிறவருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் அன்றைய பிழைப்புப் போகிறது. வெளியே மரத்தடியில் நிற்க வைக்கப்பட்டவர்களின் நிலைதான் அவர்களுக்கும்.

புச்சிபாபு மைதானம் தேடியபோது லாபக் கணக்குப் போடவில்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும், இடம் பிறர் கையில் இருந்தால் நாம் விருந்தாளிதான் என்பதை இருபது வயதிலேயே கண்டுகொண்டார். அணியை நடத்துகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் இது.

அவர் பெயரால் நடக்கும் போட்டி சில வருஷம் நின்றிருந்து, 2023-ல் மறுபடி தொடங்கியது. சேலத்திலும், கோவையிலும், திருநெல்வேலியிலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் ஆட்டங்கள் நடந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர் மைதானத்திலேயே நல்ல ஆட்டம் பார்த்தார்கள். புச்சிபாபு ஆசைப்பட்டதும் அதைத்தான்.